சின்ன மாமா விட்டுவிட்ட இடம்

எங்கள் பெரிய மாமா எப்படிச் செத்துப்போனார் என்பதை நான் அறுபது எழுபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரே வாயால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மாதிரி. பிள்ளைகளா, உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். அப்போதெல்லாம் அப்படித்தான் வழக்கம்.

இப்போது ஒருவர் இறந்துபோனால் பேப்பரில் போட்டோ போடுகிறார்கள். தோற்றம், மறைவு என்று தேதி போட்டு, கீழே மகன், மருமகள், பேரன் பேரெல்லாம் வரிசையாகப் போடுகிறார்கள். நான் சொல்லுவது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வாக்கில். அன்றைக்குப் பேப்பரில் வரவேண்டுமானால் மந்திரியாகவோ மில் முதலாளியாகவோ இருந்திருக்க வேண்டும். வயல்காட்டு மனிதர் செத்தால் மூலையில் மை தடவிய ஒரு தபால் கார்டு போகும். இன்னார் இன்ன கிழமை காலமாகிவிட்டார் என்று இரண்டு வரி, அவ்வளவுதான். அந்தக் கார்டை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். வாசலில் நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள். எப்படிச் செத்தார், என்ன சீக்கு, கடைசியில் என்ன பேசினார் என்பதையெல்லாம் நேரில் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். அது சும்மா பெயருக்கு இல்லை. வருகிறவர் கேட்கத்தான் வேண்டும், வீட்டுக்காரர் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்காசியில் நாலாவது படித்தேன். அம்மா பிறந்த வீடு இலஞ்சி. அங்கே அம்மாவுக்கு ஒரு அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள். அவர்கள்தான் எனக்குப் பெரிய மாமாவும் சின்ன மாமாவும். பெரிய மாமாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. சின்ன மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அத்தை, அதாவது பெரிய மாமாவின் மனைவி, அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி அவரை ஆளாக்கினது அத்தைதான். அவர் அவளை மதினி என்று கூப்பிடுவாரே தவிர, அம்மாவுக்கு எப்படி அடங்குவாரோ அப்படித்தான் அடங்குவார்.

பெரிய மாமா செத்தது ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் கூடப்பிறந்தவள் அந்த வீட்டை விட்டு வரக்கூடாது. அதனால் எனக்கும் பதினாறு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. இதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளக்கூடாது என்கிற அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது.

வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆண்கள் அதில் உட்காருவார்கள். பெண்கள் நேரே உள்ளே போய்விடுவார்கள். உள்ளே பட்டாசலில், அதாவது கூடத்தில், வாசலைப் பார்த்த சன்னலுக்குக் கீழே, ஒரு மூலையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறு நாளும் அந்த மூலையை விட்டு எழுந்து வாசலுக்கு வரக்கூடாது. அந்தச் சன்னலுக்குக் கதவு கிடையாது, அழிக்கம்பி மட்டும்தான். பந்தலில் ஒருவர் தும்மினால்கூட உள்ளே கேட்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துட்டி வீட்டில் வந்தவரை யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள். வந்தவரும் வாய் திறக்காமல் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துவிட்டு உட்காருவார். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். பிறகு, எப்படி ஆச்சு என்று மெதுவாகக் கேட்பார். உடனே சின்ன மாமா தொடங்குவார். சொல்லி முடித்ததும் இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அப்புறம் வந்தவர் பேசாமல் எழுந்து போய்விடுவார். போய்ட்டு வாரேன் என்று துட்டி வீட்டில் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போனதும் தலைமுழுகிவிட்டுத்தான் அடுத்த காரியம்.

இந்தத் தலைமுழுகுகிற விஷயத்தில்தான் ஒரு கூத்து நடந்தது. அப்போது நல்ல சாரல் சமயம். இலஞ்சியிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். நடந்தே போய்விடலாம். எப்படியும் தலைமுழுக வேண்டும், அதை வீட்டுக் கிணற்றில் முழுகினால் என்ன, பெரிய அருவியில் போய் முழுகினால் என்ன? மற்ற மாதத்தில் யார் செத்தாலும், வர முடியவில்லை, வருந்துகிறோம் என்று ஒரு கார்டு எழுதிப் போடுகிற சொந்தக்காரரெல்லாம் அந்த ஆடியில் நேரில் வந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். கக்கத்தில் துண்டு இருக்கும். பைக்குள் நல்லெண்ணெய்ப் புட்டி இருக்கும், அதன் கழுத்து மட்டும் வெளியே தெரியும். அம்மாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை, குடையை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று காரணம் சொன்னார். குடை அவர் கையில்தான் இருந்தது.

அதற்காக அவர்கள் பொய்யாக அழுதார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அழுததும் நிஜம், குளித்ததும் நிஜம். பெரிய மாமா அப்படிப்பட்டவர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் நாளே போய்ப் பந்தக்கால் ஊன்றுகிறவர். அவரைத் தெரியாது என்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

சின்ன மாமா சொல்லுகிற விதத்தைச் சொல்லவேண்டும். மொட்டை போட்ட தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, மெல்லிய குரலில் தொடங்குவார்.

“ஆனி கடைசியில, நடுகைக்குன்னு வயல்ல இறங்கி நின்னாரு. நாள் பூரா சாரல். நனைஞ்சுட்டே வந்தாரு. தலையைத் துவட்டுங்கண்ணேன்னேன். துவட்டுதேன்லேன்னாரு. அதான் தொடக்கம்.”

பிறகு காய்ச்சல். தென்காசி டாக்டர் வந்து போட்ட ஊசி. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நடுவில் ஒரு புதன்கிழமை காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்தது. அருவிக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அரை தம்ளர் கஞ்சி குடித்துவிட்டுப் போதும் என்று கையை அமர்த்தியது. வயலுக்குத் தண்ணி பாயுதாலே என்று கேட்டது. பாயுதுண்ணே என்று இவர் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது. அவ்வளவுதான். போதும் என்கிற இடம் வரும்போது சின்ன மாமா துண்டின் நுனியை எடுத்துக் கண்ணில் வைப்பார். வயல் வரும்போது குரல் உடைந்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் அந்த இரண்டு இடத்திலும் அப்படித்தான்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் முடிவதற்குள் எனக்கு முழுவதும் மனப்பாடம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு வேஷம் கிடைக்கவில்லை. ஆள் குள்ளம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஞாபகசக்தி உள்ள பையன் என்று சொல்லி, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையை வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்தார். ராஜா வேஷக்காரன் மூன்று இடத்தில் மறந்தான். மூன்று இடத்திலும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வாத்தியார் வகுப்பில் எல்லோர் முன்னாலும், இவன் இல்லை என்றால் நேற்று மானம் போயிருக்கும் என்றார். அதிலிருந்து, ஒருவர் சொல்லவேண்டியதை மறந்து நிற்பதைவிடக் கேவலம் இல்லை, எடுத்துக் கொடுப்பதைவிட உபகாரம் இல்லை என்று என் மனதில் பதிந்துவிட்டது.

முதல் மூன்று நாளும் சின்ன மாமா அருவியைச் சொன்னார். இப்படிச் சொல்வார்:

“புதன்கிழமை சாயங்காலம் காய்ச்சல் விட்டு எந்திரிச்சு உக்காந்தாரு. ஏலே, சாரல் நல்லா விழுதே, பெரிய அருவியில ஒரு தரம் போய் நின்னுட்டு வரணும்லேன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

இந்த இடத்தில் பந்தலில் ஒரு அசைவு வரும். துண்டு வைத்திருக்கிறவர்கள் அதை மடியில் கொஞ்சம் மறைத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது மூலிகைத் தண்ணியாச்சே, ஒருவேளை பட்டிருந்தால் சளி கரைந்திருக்குமோ என்னவோ என்பார். இன்னொருவர், ஆமாம், எனக்குத் தெரிந்த ஒரு ஆள், டாக்டர் கைவிட்டவன், நாலு நாள் அருவியில் நின்று எழுந்து நடந்தான் என்பார். சின்ன மாமா, என்ன செய்ய, நமக்கு அந்தப் புத்தி வரலையே என்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா சின்ன மாமாவிடம் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதினி மூணு நாளா பச்சத்தண்ணி குடிக்கல என்று ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. சின்ன மாமா சன்னலைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். என்னைக் கண்டதும் அம்மா, கால் கழுவ இவ்வளவு நேரமா என்று விரட்டினாள்.

நாலாம் நாள் காலையில் முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். சின்ன மாமா ஊசி வரைக்கும் வந்தார், சளி வரைக்கும் வந்தார், அங்கிருந்து நேரே வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்குப் போய்விட்டார். புதன்கிழமையே இல்லை.  சரி, ஒரு தடவை மறந்திருப்பார் என்று இருந்தேன். அடுத்த ஆளுக்கும் அப்படியே. அன்றைக்குப் பூராவும் அப்படியே.

நான் காரணத்தை யோசித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் துண்டோடும் எண்ணெயோடும் வருகிறார்கள், அருவியைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால் மாமா விட்டுவிடுகிறார் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் துண்டு இல்லாமல் வந்த உள்ளூர்க்காரருக்கும் அதைச் சொல்லவில்லை. அப்படியானால் மறதிதான். இத்தனை தடவை சொன்னால் யாருக்கும் மறக்கத்தானே செய்யும்?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறாம் நாள், பந்தலில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தில் போய், “மாமா, அருவியை விட்டுட்டீகளே” என்றேன்.

சின்ன மாமா என்னைப் பார்த்தார். என் தலையைத் தடவினார்.

“ஆமாலே, மறந்துபோச்சு.”

நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. ஆனால் அடுத்த ஆள் வந்தபோதும் அவர் விட்டுவிட்டார். இவ்வளவு மறதி உள்ளவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செத்துப்போனது பெரிய மாமா. அவரைப் பற்றி ஊருக்குச் சொல்ல இருக்கிறது இந்த ஒரு வாய். அதில் ஒரு நாள் முழுவதும் காணாமல் போய்விட்டது. பெரிய மாமா எழுந்து உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு ஏதோ ஒன்று வேண்டும் என்று கேட்டது அந்தப் புதன்கிழமை மட்டும்தான். மற்ற இடத்திலெல்லாம் அவர் படுத்தேதான் கிடக்கிறார். எனக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது. அது இல்லாமல் கேட்பவர்கள் பாதி மாமாவைத்தான் தெரிந்துகொண்டு போகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பத்தாம் நாள் புளியங்குடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எலுமிச்சங்காய் கமிஷன் கடைக்காரர். பெரிய மாமாவுக்கு வாலிபத்திலிருந்து சிநேகிதர். காய் ஏற்றி இறக்கிய லாரி ஒன்றில் இன்னும் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறு பேரும் இறங்கினபோது பந்தல் முழுவதும் எலுமிச்சை வாசனை. ஆறு பேர் தோளிலும் துண்டு. எண்ணெய்ப் புட்டியை ஒருவர் மறைக்கக்கூட இல்லை, கையில் தூக்கிக்கொண்டே வந்தார். பெரியவர் சின்ன மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து, எப்படி ஆச்சுப்பா என்று கேட்டார். அவருக்கு அதற்குள்ளேயே கண் கலங்கிவிட்டது.

சின்ன மாமா தொடங்கினார். வயல், சாரல், காய்ச்சல், ஊசி. சளி கட்டிக்கொண்டதைச் சொன்னார். ஒரு மூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமை காலையில—” என்றார்.

“மாமா, அருவி” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவுக்குச் சொன்ன மாதிரி. சின்ன மாமா என் பக்கம் திரும்பவில்லை. “வெள்ளிக்கிழமை காலையில அரை தம்ளர் கஞ்சி—” என்று மேலே போனார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். ராஜா வேஷக்காரனுக்கும் முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாவது தடவை முழு வசனத்தையும் சொல்லவேண்டும் என்று வாத்தியார் பழக்கியிருந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, சின்ன மாமாவின் குரலிலேயே முழுவதையும் சொன்னேன். புதன்கிழமை சாயங்காலம் காய்ச்சல் விட்டு எந்திரிச்சு உக்காந்தாரு. ஏலே, சாரல் நல்லா விழுதே, பெரிய அருவியில ஒரு தரம் போய் நின்னுட்டு வரணும்லேன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அவர் குரல் எங்கே இறங்குமோ அங்கே நானும் இறக்கினேன்.

 புளியங்குடிப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுச் சின்ன மாமாவைப் பார்த்தார்.

“கேட்டானா? வாய்விட்டுக் கேட்டானாப்பா? கூட்டிட்டுப் போயிருக்கலாமே. இந்தா இருக்கு அருவி. அது மருந்துத் தண்ணில்லா. பட்டிருந்தா பிழைச்சுக்கூட இருப்பான்.”

சின்ன மாமா தலையை நிமிர்த்தவில்லை. “நாந்தான் அண்ணாச்சி வேண்டாம்னுட்டேன். என் புத்தி அப்படிப் போச்சு” என்றார்.

அப்போது சன்னலுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. மாமா செத்த அன்றைக்கு அழுததற்குப் பிறகு அவள் பேசி நான் கேட்கவே இல்லை. அழுகிற குரலாக இல்லை. வாசலில் நின்று அடுத்த வீட்டாளிடம் ஏதோ சொல்லுகிற குரலாக இருந்தது.

“தம்பி சொல்லல. நாந்தான் சொன்னேன்.”

சின்ன மாமா, “மதினி, நீங்க சும்மா இருங்க” என்றார்.

“தம்பி வண்டி பூட்டிட்டாக. அவுக செருப்பைப் போட்டுட்டு நடைக்கு வந்துட்டாக. நாந்தான் நுகத்தடியைப் பிடிச்சுட்டு நின்னேன். மாட்டை அவுத்தாத்தான் கையெடுப்பேன்னு நின்னேன். நனைஞ்சா செத்துப்போவீகன்னு சொன்னேன்.” பிறகு அதே குரலில், “நனையாமத்தான் போயிட்டாக.”

உள்ளே பெண்கள் யாரும் அழத் தொடங்கவில்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. இப்படி ஒரு பேச்சுக்கு எப்போதும் நாலு பேராவது ஓவென்று எடுப்பார்கள். புளியங்குடிப் பெரியவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். உள்ளே பார்க்காமல், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, “தாயி, நான் தெரியாமப் பேசிட்டேன். நெஞ்சில சளி உள்ள ஆளை அருவியில யாராவது விடுவாகளா? என் வீட்டுக்காரியும் மாட்டைத்தான் அவுத்திருப்பா” என்றார்.  அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு ஆறு பேரும் கிளம்பிப் போனார்கள். லாரி குற்றாலம் ரோட்டில் ஏறவில்லை. வாய்க்கால் பக்கம் போய் நின்றது. ஆறு பேரும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டதை நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். எண்ணெய்ப் புட்டியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை யாரும் தேடி வரவில்லை.

அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொடையில் கிள்ளினாள். பெரியவுக பேசுத இடத்துல உனக்கு என்னலே நாட்டாமை என்றாள். நான் அழுதுகொண்டே, மாமாவே மறந்துபோச்சுன்னு சொன்னாரு, வேணும்னா கேட்டுப் பாரு என்றேன். அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். அடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் எட்டியே நின்றேன்.

“ஏலே, இங்கன வந்து உக்காரு. மாமா சொல்லுததை முழுசும் சொல்லு.”

நான் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து சொன்னேன். வயல், சாரல், ஊசி, சளி. புதன்கிழமை வந்ததும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லு என்றாள். சொன்னேன். நாந்தான் வேண்டாம்னுட்டேன் என்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அங்கன இன்னொண்ணு உண்டு. மாட்டை அவுத்ததும் அவுக சிரிச்சாக. சரி விடு, அருவி எங்க போகப்போகுதுன்னு சொல்லிட்டு, வந்து படுத்துக்கிட்டாக. இதையும் சேத்துக்கோ.”

நான் சேர்த்துக்கொண்டு மறுபடி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கஞ்சி, போதும், வயல், சுவர்ப்பக்கம். முடிந்ததும், பக்கத்தில் அம்மா காலையில் வைத்து ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து அத்தை ஒரு மடக்கு குடித்தாள். முகத்தைச் சுளித்து, ஈ விழுந்து கிடக்கு, வேற கொண்டா என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மா அடுப்பங்கரைக்கு ஓடினாள். ஒரு காப்பிக்கு இவ்வளவு ஓட்டம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருந்த சந்தோஷமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வண்டி பூட்டியது, நுகத்தடியைப் பிடித்தது, பெரிய மாமா சிரித்தது எல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. கிழிந்துபோன பாடப் புத்தகத்தில் நடுப்பக்கம் கிடைத்த மாதிரி இருந்தது.

பதினோராம் நாளிலிருந்து சின்ன மாமா அருவியைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சளியிலிருந்து கஞ்சிக்குத்தான் போனார். அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன், தொடை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே அத்தை பேசத் தொடங்கிவிட்டாள். துட்டி கேட்க வருகிற பெண்களிடம் அவள் வேறு எதையும் சொல்லமாட்டாள். காய்ச்சலும் ஊசியும் கஞ்சியும் அவள் வாயில் வராது. புதன்கிழமையை மட்டும் சொல்லுவாள். வண்டி பூட்டினது, தான் மறித்து நின்றது, அவர் சிரித்தது. அதைக் கேட்ட பெண்கள் அருவித் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் எதை மறித்தார்கள், எதை மறிக்காமல் விட்டார்கள் என்று பேசினார்கள்.

இப்படி, பந்தலில் கேட்டவர்கள் அருவி இல்லாத சாவைக் கேட்டுப் போனார்கள். பட்டாசலில் கேட்டவர்கள் அருவியை மட்டும் கேட்டுப் போனார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். பதினாறாம் நாள் முடிந்து தென்காசிக்கு வந்த பிறகு, மாமா இன்னும் அந்த இடத்தை ஏன் விடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். உங்க மாமாவுக்கு மறதி ஜாஸ்தி என்றாள் அம்மா. நான் நம்பினேன். அதற்குப் பிறகு பல வருஷம், யார் கேட்டாலும், எங்கள் சின்ன மாமாவுக்கு ஞாபகசக்தி போதாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் உங்கள் தாத்தா, என் அப்பா, இறந்தபோது இதே மாதிரி பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, வந்தவர்களுக்கு நான்தான் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் தாத்தா ஒன்று கேட்டார். என்ன கேட்டார், அதை யார் வேண்டாம் என்று சொன்னது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் நான் அதைச் சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களில் பெரியவனுக்கு இப்போது அன்றைக்கு எனக்கிருந்த வயதுதான். நான் முதல் தடவை அந்த இடத்தைத் தாண்டினபோது அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். வாய்கூட லேசாகத் திறந்தது. பிறகு உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து பெஞ்சுக் காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கிவிட்டான்.

ஒன்பது வயதில் எனக்கு அப்படி உள்பக்கம் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.